கறையும் முறுவலும்

ஆண்டு விழா முடிந்து சங்கத்தினர் யாவரும் குழுப்படத்திற்காக நிற்கின்றனர். படம்பிடிப்பவர் மூன்று வரை எண்ணத் தொடங்கி இரண்டில் நிறுத்திவிடுகிறார். "இரண்டாம் வரிசையில நிக்கிற தங்கச்சி, கையைக் கொஞ்சம் எடுங்கோ" என்கிறார். அம்மாணவி கையை எடுக்கிறாள்; ஆயின், உடனேயே உதடுகள் இறுக மூடிக்கொள்கின்றன. நாற்பது பேர் சிரிக்கும் படத்தில் ஒருத்தி மட்டும் துயரச் செய்தி கேட்டவள் போல நிற்கிறாள். பின்னாளில் அப்படத்தைப் பார்ப்போர் அவளைச் செருக்குடையவள் என்றோ கடுகடுப்பானவள் என்றோ எண்ணக்கூடும். அவளைப் போல வேடிக்கையாகப் பேசவல்லவர் அந்த விடுதியில் வேறெவரும் இலர் என்பதை அறைத் தோழியர் மட்டுமே அறிவர். பேசுவாள், பிறரைச் சிரிக்க வைப்பாள். தான் சிரிக்கும் வேளையில் மாத்திரம் வலக்கை வாய்க்கு முன்னே வந்துவிடும்.

அவளது மேல்வரிசை முன்பற்கள் நான்கிலும் மண்ணிறக் கோடுகள் குறுக்காக ஓடியிருந்தன. இடையிடையே சுண்ணாம்பு தெளித்தாற்போன்ற வெண்திட்டுகளும், ஊசிமுனையாற் குத்தியது போன்ற நுண்குழிகளும் காணப்பட்டன. உமிக்கரி, உப்பு, வேப்பங்குச்சி, கடையில் விற்கும் பற்பசை வகைகள் அனைத்தையும் அவள் தேய்த்துப் பார்த்துவிட்டாள். முரசு தேய்ந்து இரத்தம் வந்ததேயன்றிக் கறை தேயவில்லை. அது பல்லின்மேல் ஒட்டிய அழுக்கன்று. பல்லோடு பல்லாக விளைந்தது.

வியப்பு யாதெனில், ஊரில் இருந்தவரை அவள் கை வாயை மூடியதே கிடையாது. வவுனியா மாவட்டத்தில் அனுராதபுர எல்லையை அண்டிய அச்சிற்றூரில் அவள் வகுப்புப் பிள்ளைகள் பலருக்கும் அத்தகைய பற்களே இருந்தன. யாவர்க்கும் உள்ளதொன்று எவர்க்கும் குறையாகத் தோன்றுவதில்லை. பல்கலைக்கழகம் புகுந்த முதல் வாரத்தில், பகிடிவதை என்ற பெயரில் மூத்த மாணவர் சிலர் அவளை வரிசைக்கு முன்னே நிறுத்திச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். அவர்கள் இட்ட பெயரை ஈண்டு எழுதுதல் தகாது. அன்று மேலெழுந்த கை மூன்றாண்டுகளாகக் கீழிறங்கவில்லை.

இக்கறையின் வரலாறு அவளுடைய ஊரோடு தொடங்கியதன்று. 1901ஆம் ஆண்டில் பிறெடெரிக் மக்கே என்னும் இளம் பல் வைத்தியர் ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிறிங்ஸ் நகரிலே தொழில் நடத்தச் சென்றார். அங்கு பிறந்து வளர்ந்தோர் பலரின் பற்களில் மண்ணிறக் கறை இருக்கக் கண்டு திகைத்தார். வெளியிலிருந்து வளர்ந்தவர்களாகக் குடியேறியோருக்கு அக்கறை இல்லை. அங்கேயே குழந்தைப் பருவத்தைக் கழித்தோருக்கு உண்டு. அக்காலப் பல் மருத்துவத்தின் பேராசானாகிய ஜி. வி. பிளாக் 1909இல் அவருடன் இணைந்து ஆராய்ந்தார். குடிநீரிலே ஏதோவொன்று இருக்கவேண்டும் என்பது தெளிவாயிற்று; அது எதுவென்று மட்டும் தெரியவில்லை. 1931இல் அலுமினியக் கம்பனி ஒன்றின் இரசாயனவியலாளரான சேர்ச்சில் என்பவர் நீரைப் பகுப்பாய்ந்து, அப்பொருள் புளோரைட்டு எனக் கண்டறிந்தார். கறைபடிந்த அப்பற்களிற் சூத்தை குறைவாக இருந்தமையையும் மக்கே கவனித்திருந்தார். அக்கவனிப்பின் வழியாகவே, அளவோடு கலந்த புளோரைட்டு பல்லுக்கு அரண் என்ற அறிவு பிறந்தது. 1945இல் கிராண்ட் றப்பிட்ஸ் நகரின் குடிநீரில் அது வேண்டுமென்றே சேர்க்கப்பட்டது. குறைந்தாற் காவல், மிகுந்தாற் கறை. ஒரு பொருளின் நன்மையும் தீமையும் லீற்றருக்கு ஓரிரு மில்லிகிராம் வேறுபாட்டில் அடங்கியிருந்தன.

பல்லின் மேலுறையாகிய மிளிரியே மனித உடலில் மிகவும் வன்மையான பொருள். அதன் நிறையில் ஏறத்தாழ 96 வீதம் கனியுப்பாகும். அதனை ஆக்கும் கலங்கள், பல் முரசைப் பிளந்து வெளிவரும்போதே அழிந்துவிடுகின்றன. முறிந்த எலும்பு பொருந்தும். வெட்டுண்ட தோல் மூடும். மிளிரிக்கோ அத்தகைய மீட்சி இல்லை. ஒருமுறை எவ்வாறு ஆக்கப்பட்டதோ அவ்வாறே அது இறுதிவரை இருந்தாக வேண்டும். நிலையான முன்பற்களின் மிளிரி, குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதங்களில் உருவாகத் தொடங்கி நான்கைந்து வயதளவில் முற்றுப்பெறுகிறது. அக்காலத்தில் அளவுமீறிய புளோரைட்டு உடலுட் சென்றால் மிளிரி செறிவாக அமையாது நுண்துளைகளோடு அமைந்துவிடும். பல் வெளிவந்த பின்னர் அத்துளைகளிற் சாயங்கள் ஊறி மண்ணிறமாகின்றன. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் பல்லில் தெரிவது, அவள் நினைவுக்கே எட்டாத பருவத்தில் அருந்திய தண்ணீர்.

இலங்கையின் வரண்ட வலயத்து நிலக்கீழ்ப் பாறைகளில் புளோரைட்டுக் கொண்ட கனியங்கள் உள்ளன. ஈர வலயத்தில் மிகுந்த மழை அதனைக் கழுவிச் சென்றுவிடுகிறது. வரண்ட வலயத்தில் மழை குறைவு, ஆவியாதல் மிகுதி. ஆதலால் அது நீரிலே தங்கிச் செறிகிறது. பேராதனைப் பல்கலைக்கழகப் புவிச்சரிதவியற் பேராசிரியர் சி. பி. திசாநாயக்க முதலானோர் இதனை விரிவாக ஆராய்ந்து எழுதியுள்ளனர். பொதுவாக, ஆழமற்ற திறந்த கிணறுகளைக் காட்டிலும் பாறையைத் துளைத்து இறக்கிய குழாய்க்கிணறுகளில் அது கூடுதலாகக் காணப்படுகிறது. கைப்பம்பி பூட்டிய குழாய்க்கிணறு அவ்வூர்களுக்கு ஒரு வரமாகவே வந்தது. வயிற்றோட்டத்தைத் தந்த கலங்கல் நீருக்குப் பதிலாகக் கண்ணாடி போன்ற தெளிநீர் கிடைத்தது. புளோரைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குடிப்பவர் நாவுக்கும் அது தெரிவதில்லை. தெளிவாகத் தோன்றியதை நம்பிக் குடித்ததில் அவ்வூர்த் தாய்மாரின் பிழை யாதுமில்லை.

இனி, பல்லின் அழகைப் பொருட்படுத்துவது வெறும் மினுக்கு அன்றோ என்று கேட்பாருளர். வயிற்றுக்குச் சோறில்லாதார் வாழும் நாட்டில் பல்லுக்கு நிறம் தேடுவதா என்பதும் அவர்தம் வினா. இவ்வினா எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. அழகு பற்றிய அளவுகோல்கள் காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்ப மாறுவன. இரும்புக் காடியும் துவர்ப்பொருளும் கலந்த மையினாற் பற்களைக் கறுப்பாக்குவதே பழைய யப்பானில் நாகரிகமாயிருந்தது. 1870இல் அந்நாட்டு அரசு பிரபுக்கள் குலத்தவர்க்கு அதனைத் தடைசெய்ய நேர்ந்தது. நம்மவருள் வெற்றிலைச் சிவப்பேறிய பல்லை மங்கலமாகக் கருதிய தலைமுறையும் இருந்தது. வெண்மை ஒன்றே அழகென்பது இயற்கை விதியன்று.

ஆயினும் தமிழ்மொழி இவ்விடயத்தில் ஓர் உண்மையைப் பொதிந்து வைத்திருக்கிறது. 'முறுவல்' என்னும் சொல் பல்லையும் குறிக்கும், புன்னகையையும் குறிக்கும். பல்லை மறைத்தவர் முறுவலையும் மறைத்தவரே ஆகின்றார். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலில் வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினுள் எள்ளலை முதலில் வைத்தார். இம்மாணவி தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவள். அச்சூத்திரத்தைப் பரீட்சைக்காக மனனஞ்செய்த இரவில், பகிடிவதை நாளில் தன்னைச் சுற்றி எழுந்த நகை எந்நிலைக்களனிற் பிறந்தது என்பதை உரையாசிரியர் எவரும் அவளுக்கு விளக்கவேண்டியிருக்கவில்லை.

மறைத்தலின் விலை முகத்தோடு நின்றுவிடவில்லை. எழுத்துகளின் பிறப்பைக் கற்பித்த வகுப்பிலே, மேற்பல்லும் கீழுதடும் பொருந்த வகரம் பிறப்பதைக் காட்டும்படி விரிவுரையாளர் மாணவரை ஒவ்வொருவராகக் கேட்டார். அவள் முறை வந்தது. மூன்றாண்டுப் பழக்கத்தால் மேலுதட்டைத் தாழ்த்தியே பேசிவந்தவளின் வாயில் இரண்டு உதடுகளும் பொருந்தி ஒரு மழுங்கிய ஒலி எழுந்தது. "பல்லுத் தெரியச் சொல்லும் பிள்ளை" என்றார் விரிவுரையாளர். அவர் அறியாமற் சொன்னார். அவள் அமர்ந்துவிட்டாள். ஆசிரியத் தொழிலையே நாடிக் கற்கும் ஒருத்திக்கு இது அழகுப் பிரச்சினை மட்டுமா என்பதை மினுக்கென்று தள்ளுவோர் சிந்தித்தல் நன்று.

அத்தகைய பற்களைத் திருத்தும் வழி நெடுங்காலம் இருக்கவில்லை என்றே கூறவேண்டும். இருந்த வழியோ கொடிது. பழைய முறையில், அடைப்புப் பொருள் பல்லோடு ஒட்டாது. இரசக்கலவையானாலும் பொன்னானாலும், உள்ளே அகன்றும் வாயில் ஒடுங்கியும் குழிதோண்டி அதில் இறுக்கியே நிறுத்தவேண்டும். எனவே சிறு பழுதுக்கும் நல்ல பல்லைப் பெருமளவு வெட்டினர். முன்பல்லின் தோற்றத்தை மாற்றுவதாயின் நாற்புறமும் அராவிக் கட்டையாக்கி மேலே முடி போன்றதோர் உறையை மாட்டினர். 1930களில் ஹொலிவூட் நடிகர்களுக்காகச் சாள்ஸ் பிங்கஸ் என்னும் பல் வைத்தியர் மெல்லிய முகத்தகடுகளைச் செய்து, கட்டுப்பல் ஒட்டும் தூளினாற் பற்களின்மேல் ஒட்டிவிட்டார். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். அணிந்தவாறு உண்ண இயலாது. வெட்டாமல் ஒட்டலாம் என்ற ஆசை இருந்தது, ஒட்டியது நிற்கவில்லை.

அதனை நிற்கச் செய்தவர் நியூயோர்க் மாநிலத்து றோச்செஸ்ரர் நகரிற் பணிபுரிந்த மைக்கல் புவோனகோர். வர்ணமும் பிசினும் உலோகத்தில் நன்கு பற்றுவதற்காகத் தொழிற்சாலைகளில் உலோகப்பரப்பை முன்னதாகப் பொஸ்போரிக் அமிலத்தாற் கழுவுவது வழக்கம். அம்முறையைப் பல்லில் ஏன் கையாளலாகாது என்று அவர் எண்ணினார். முன்பற்களில் 85 வீத அமிலத்தை அரை நிமிடம் தடவிக் கழுவியபின் அக்கிரிலிக் துளிகளை இட்டார். அமிலம் படாத பல்லிலிருந்து துளி மணிக்கணக்கில் விழுந்துவிட்டது. அமிலம் பட்ட பல்லில் வாரக்கணக்கில் நின்றது. 1955இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரையே இன்றைய பிணைப்பு முறைக்குத் தோற்றுவாயாகும்.

அதன் தத்துவம் எளிது. அமிலம் பட்ட மிளிரியின் கனியுப்பு ஒரே சீராகக் கரைவதில்லை. ஓரிடத்தில் கூடவும் ஓரிடத்தில் குறையவும் கரையும். ஆதலால் வழுவழுப்பான பரப்பு, கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்குழிகள் நிறைந்ததாக மாறுகிறது. அக்குழிகளின் ஆழம் ஒரு தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. நீர்த்த பிசின் அவற்றுள் இறங்கி இறுகும்போது ஆயிரமாயிரம் வேர்கள் ஊன்றியதை ஒக்கும். நன்கு செய்யப்பட்ட அப்பிணைப்பைப் பிரிப்பதற்குச் சதுர மில்லிமீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை வேண்டும். இப்பிசின் தன் இயல்பாற் பல்லைப் பற்றுவதில்லை. பல்தான் பற்றுவதற்கு இடங்கொடுக்க வேண்டும்.

பற்றும் வழி தெரிந்தபின் பற்றவைக்கும் பொருளும் சீர்பெற்றது. அக்கிரிலிக் இறுகும்போது மிகவும் சுருங்கியது, தேய்ந்தும் போயிற்று. ஐக்கிய அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தில் ஆராய்ச்சி செய்த றபேல் போவன் புதிய பிசின் ஒன்றை ஆக்கி, அதனுள் மணற்கனியத் தூளைப் பிணைத்துக் கலந்தார். 1962இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். பல்நிறம் கொண்ட இன்றைய கலவைகள் அவ்வழி வந்தவை. அதனை ஒளியால் இறுகச் செய்யும் முறை 1970களில் வந்தது. முதலில் புறஊதாக் கதிரும், பின்னர் கண்ணுக்குத் தெரியும் நீல ஒளியும் பயன்பட்டன. மிளிரிக்குக் கீழேயுள்ள பன்முதல் ஈரமும் உயிர்ப்பொருளும் மிகுந்தது. அதில் ஒட்டுவது நெடுங்காலம் அரிதாயிருந்தது. தோக்கியோவிற் புசயாமா 1979இலும் நக்கபயாசி 1982இலும் வெளியிட்ட ஆய்வுகள் அத்தடையைப் பெரிதும் நீக்கின.

இவ்வரலாறு ஒன்றையும் அறியாமலேயே அம்மாணவி ஒருநாள் பல் வைத்தியசாலைக்குச் சென்றாள். தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கான கட்டணமே மாதமொன்றின் மகாபொலப் பணத்தை விஞ்சிவிடும் என்று கேள்வியுற்றிருந்தாள். ஆதலால் அரசாங்க வைத்தியசாலையிலே தன் முறைக்காகப் பல வாரங்கள் காத்திருந்தாள். கதிரையிற் சாய்ந்தவளின் முதற்செயல் கையால் வாயை மூடியதே. பெண் வைத்தியர் சிரிக்கவில்லை. கையை எடுக்கும்படி சொல்லவுமில்லை. "சின்ன வயசில எந்தத் தண்ணி குடிச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டார்.

"குழாய்க்கிணத்துத் தண்ணி, டொக்டர்."

"அப்ப இது உங்கட பிழையில்லை."

மூன்றாண்டுகளாக எவரும் அவளுக்குச் சொல்லாத வாக்கியம் அது. பல்லைத் துலக்காதவள் என்ற பழியைப் பிறர் சுமத்த, அதனைத் தானும் பாதி நம்பியிருந்தாள்.

புளோரைட்டால் விளைந்த கறையில் ஒரு முரண் உண்டு. எப்பொருள் பல்லைக் கெடுத்ததோ அப்பொருளே அதன் வெளிப்பரப்பை அமிலத்துக்கு எளிதில் இணங்காததாகவும் ஆக்கியிருக்கும். சூத்தைக்கு அரணாக நின்ற அவ்வியல்பு பிணைப்புக்குத் தடையாகிறது. ஆதலால் வைத்தியர் மெல்லிய அரம்பொறியால் மேற்பரப்பை மில்லிமீற்றரின் சிறுபின்ன அளவுக்கு மட்டும் நீக்கினார். அமிலக்களியையும் வழமையிலும் கூடிய நேரம் வைத்தார். அதற்கு முன்பே, பல் நனைந்திருக்கையில் சாளரத்து வெளிச்சத்தில் நிறம் பார்த்துத் தெரிந்துகொண்டார். உலர்ந்த பல் உள்ளதைவிட வெளிறித் தோன்றி ஏமாற்றும். மிகவும் வெண்மையான மாதிரியை அவள் சுட்டிக்காட்டினாள். வைத்தியர் தலையசைத்தார். "உங்கட கீழ்ப்பல்லோட பொருந்தோணும். இல்லாட்டி எல்லாரும் பல்லைத்தான் பார்ப்பினம், உங்களைப் பார்க்கமாட்டினம்" என்றார்.

ஊசி போடவேண்டியிருக்கவில்லை. அமிலத்தைக் கழுவி உலர்த்தியதும் மிளிரி உறைபனி படிந்த கண்ணாடிபோல் மங்கலாயிற்று. எச்சில் ஒரு துளி பட்டாலும் பிணைப்புக் கெட்டுவிடும் என்பதால், பஞ்சுருளைகளை வைத்துப் பல்லை ஈரத்திலிருந்து காத்தனர். பிசினை நுண்தூரிகையாற் பூசி நீல ஒளி காட்டினர். பின்னர் கறையை மறைக்கும் ஒளிபுகாக் கலவை ஒருபடை. அதன்மேல் மிளிரிபோல ஒளி ஊடுருவும் கலவை ஒருபடை. இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் ஒரே தடவையில் வைப்பதில்லை. ஒளி அதற்குமேல் ஆழமாகச் சென்று இறுக்காது. படைபடையாக வைத்து, இறுக்கி, விளிம்பைச் சீவி, பல்லுக்கும் பல்லுக்கும் இடையேயுள்ள கோட்டை இழையினாற் சோதித்து, இறுதியில் மினுக்கினர். இரண்டு வருகைகளில் நான்கு பற்களும் நிறைவெய்தின. சிற்பி கல்லைக் குறைத்து உருவம் காண்பான். குயவன் மண்ணைக் கூட்டி வனைவான். இவ்வைத்தியத்தின் திறன் பெரிதும் குயவனுடையது. உள்ளதை இயன்றவரை வெட்டாதிருப்பதே அதன் அறம்.

கைக்கண்ணாடி கொடுக்கப்பட்டது. அவள் நெடுநேரம் பார்த்தாள். அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. விடுதிக்கு மீண்ட மாலையில் தோழி ஒருத்தி ஏதோ வேடிக்கை சொல்ல, அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்புக்கு முன்னரே கை பாதிவழி வந்துவிட்டது. தன் கையைத் தானே அயலானின் கையைப் பார்ப்பதுபோற் பார்த்துக் கீழே இறக்கினாள். பல்லைத் திருத்த இரண்டு வருகைகள் போதுமாயிருந்தன. கையைத் திருத்தப் பல மாதங்கள் சென்றன. ஒருநாள் வகுப்பில், எவரும் கேளாமலே, வகரத்தை அவள் தெளிவாக ஒலித்ததை விரிவுரையாளர் கவனித்தாரோ தெரியாது, அவள் கவனித்தாள்.

இச்சிகிச்சையை மந்திரமெனப் போற்றுதல் உண்மைக்குப் புறம்பாகும். இப்பிணைப்பு என்றென்றும் நிலைக்காது. பொதுவாக ஐந்தாண்டு தொடக்கம் பத்தாண்டு வரை நிற்கும்; பின்னர் பழுதுபார்க்க வேண்டும். கலவை இறுகும்போது சிறிதளவு சுருங்குவதால் விளிம்பிலே நுண்ணிய இடைவெளி தோன்றலாம். தேநீரும் வெற்றிலையும் நிறமூட்டும். நகத்தைக் கடித்தாலோ போத்தல் மூடியைப் பல்லால் திறந்தாலோ முனை உடையும். அன்றியும், கறையோ முறிவோ இல்லாத நல்ல பற்களையும் ஒரேயளவாக, ஒரேவெண்மையாக ஆக்கிக்கொள்ளும் மோகம் இன்று கைத்தொலைபேசிப் படங்களின் வழியே பரவி வருகிறது. நலமான மிளிரியை அதற்காக அராவுதல், மீளாததை விலையாகக் கொடுத்து மாறக்கூடியதை வாங்குவதாகும். வைத்தியர் அவளுக்குக் கீழ்ப்பல்லின் நிறத்தையே தெரிந்தளித்ததில் இவ்வறிவும் அடங்கியிருந்தது.

விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போனாள். தாய் வாசலிலே நின்று பார்த்து, "என்ர பிள்ளையின்ர முகமே மாறிப்போச்சு" என்றாள். மகிழ்ச்சியாற் சொன்ன அச்சொல்லில் ஒரு சிறு அந்நியமும் கலந்திருந்தது. அயல்வீட்டுப் பெண்டிர் வந்து பார்த்தனர். சிரித்த வாய்களில் எல்லாம் அதே மண்ணிறக் கோடுகள். முன்னர் கண்ணிற் படாதவை இப்போது பட்டன. தான் மட்டும் தப்பி வந்தவள் என்ற எண்ணம் அவளுக்கு ஏற்பட்டது. அது இன்பமான எண்ணமன்று.

உள்ளே அக்காவின் ஏழுமாதக் குழந்தை பாய்மீது தவழ்ந்துகொண்டிருந்தது. கீழ்முரசில் அரிசிமணி போல ஒரு பாற்பல் முளைத்திருந்தது. அக்கா குழாய்க்கிணற்று நீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதிற் பால்மாவைக் கரைத்தாள். கிருமிகளை அழிக்க அது நல்ல வழியே. ஆனால் கொதித்த நீரிலிருந்து புளோரைட்டு நீங்குவதில்லை; நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அந்த வேளையில், அக்குழந்தையின் முரசுக்குள்ளே, இன்னும் ஆறேழு ஆண்டுகள் கழித்து வெளிவரவிருக்கும் முன்பற்களின் மிளிரி படைபடையாக உருவாகிக்கொண்டிருந்தது.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் புளோரைட்டை உச்ச எல்லையாக வகுத்தது. வெப்பநாட்டார் கூடுதலாக நீர் அருந்துவர் என்பதால் இலங்கை நியமம் 1 மில்லிகிராம் என அதனினும் இறுக்கமாக அமைந்தது. எல்லை வகுத்தல் ஒன்று. அவ்வெல்லைக்குட்பட்ட நீர் ஓரூரின் பானைக்கு வந்து சேர்தல் வேறொன்று. நீரை வடித்துச் சுத்திகரிக்கும் நிலையங்கள் வரண்ட வலயத்துப் பல ஊர்களிலே நிறுவப்பட்டுள்ளன. மழைநீர்த் தொட்டிகளும் உள்ளன. எங்கு உண்டோ அங்கு அவை பயன்படுகின்றன. எங்கு இல்லையோ அங்கு பிள்ளைகள் காத்திருப்பதில்லை, வளர்ந்துவிடுகின்றனர். பின்னர் அவர்களுள் ஓரிருவர் பல்கலைக்கழகம் புகுவர். ஒருவருக்கு வைத்தியசாலையில் முறை கிடைக்கும். நான்கு பற்கள் திருத்தப்படும். ஒரு குடம் நல்ல நீரால் வராமற் காத்திருக்கக்கூடியதை, அமிலமும் பிசினும் நீல ஒளியும் கொண்டு பல்பல்லாகத் திருத்தும் பெருமைக்கு அறிவியல் ஆசைப்படவில்லை. அது நம் ஒழுங்கீனம் அதன்மேற் சுமத்திய வேலை.

அன்று மாலை அவள் அக்காவிடம் நெடுநேரம் பேசினாள். வைத்தியர் சொன்னவற்றைச் சொன்னாள். தாய் அருந்தும் நீரில் எவ்வளவு புளோரைட்டு இருப்பினும் தாய்ப்பாலில் மிகச் சிறிதளவே சேரும் என்பதைச் சொன்னாள். "நிப்பாட்டாமக் குடு அக்கா, இயலுமட்டும் குடு" என்றாள். அக்கா முதலிற் சிரித்தாள். பின்னர் தங்கையின் பற்களைப் பார்த்தாள். தன் நாவால் தன் பற்களைத் தடவிக்கொண்டாள். சிரிப்பை நிறுத்திக் கேட்கலானாள்.

மறுநாள் விடியற்காலையில், ஒன்றரைக் கட்டைக்கு அப்பால் சுத்திகரிப்பு நிலையம் உள்ள அயலூருக்கு இரண்டு பிளாத்திக்குக் கலன்களைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு சகோதரியர் இருவரும் புறப்பட்டனர். வழியில் எதிர்ப்பட்ட கிழவி ஒருத்தி, "ஊர்த் தண்ணி கசந்துபோச்சோ பிள்ளையள்?" என்று கேலியாகக் கேட்டாள். மாணவி திரும்பிச் சிரித்தாள். இரண்டு கைகளும் சைக்கிளைப் பிடித்திருந்தன.